பாகு ஓடும் குழாயும் ஒரு பேராசிரியரின் ஆய்வும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயந்திரப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், திரவங்களும் வாயுக்களும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியல் பற்றி நம்மவர் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் மாணவி): ஐயா, விமானம், ராக்கெட் என்றெல்லாம் துறைகள் இருக்க, கரும்புப் பாகை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஏன்?

பதில்: 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் பயணம் நம் முன்னோரைக் கரும்புத் தோட்டங்களில் கொண்டுவந்து சேர்த்தது, எனக்குக் கண்ணெதிரே இருந்ததும் ஆலைதான். சாற்றை எளிதாகத் தள்ளிய பம்பு, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டியான கழிவுப்பாகிடம் திணறுவதை மாணவனாக இருந்தபோது பார்த்தேன். அதற்கான விளக்கம், 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுச் செய்த சோதனையில் இருக்கிறது. ஓட்டத்தின் உந்தத்தை, ஓட்டத்தைத் தடுக்கும் பிசுக்குமையோடு ஒப்பிடும், அவர் பெயரால் வழங்கும் எண் ஏறத்தாழ 2000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் அடுக்கடுக்காகச் செல்லும். அதை வெகுவாகக் கடந்தால் கொந்தளிக்கும். 10 செ.மீ. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீருக்கு அது 1,00,000. தண்ணீரைவிட 5000 மடங்கு பிசுக்குள்ள பாகுக்கோ 30ஐக்கூட எட்டாது.

கேள்வி (டோங்காட், ஆலைப் பொறியாளர்): எங்கள் பாகு பம்பு அடிக்கடி தடுமாறுகிறது. பெரிய பம்பு வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், முதலில் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். பம்பு இழுக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், திறந்த தொட்டியிலிருந்து பாகைப் பம்புக்குள் தள்ளுவது காற்றழுத்தமும் தொட்டியில் நிற்கும் பாகின் உயரமும்தான். அந்த இரண்டுக்கு மேல் அங்கே கிடைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுக்கு ஓட்டத்தில் அதே அளவு பாகைக் கடத்தத் தேவையான அழுத்தம் குழாய் விட்டத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதமாக மாறும். ஆகவே 100 மி.மீ. குழாயை 120 மி.மீ. ஆக்கினால் அழுத்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சூடாக்கினாலும் பாகு இளகும் என்பது உண்மையே. ஆனால் அளவு மீறினால் சரக்கு கெடும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆய்வு மாணவர்): ஓட்டத்தைக் கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்க முடியும்போது ஆய்வகச் சோதனை எதற்கு?

பதில்: இதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். குளிர்ந்துபோன பாகில் அளந்த பிசுக்குமையைச் சூடான குழாய்க்குப் பொருத்தி ஓராண்டுக் கணக்கீட்டை வீணாக்கியவன் நான். திரையில் வந்த படங்களோ மிக அழகாக இருந்தன. பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பதற்கு, கிளே கணித ஆய்வு நிறுவனம் 2000இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தும், இன்னும் நிறுவப்பட்ட விடை இல்லை. கணினி தருவது தோராயமே. அது எந்த அளவுக்குச் சரி என்பதை அழுத்தமானியைக் கொண்டுதான் கேட்டறிய வேண்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு தாய்): பேராசிரியராக எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்?

பதில்: நான்காண்டுப் பொறியியல் பட்டம், பிறகு முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்தாண்டுகள் வரை ஆகலாம் அம்மா. இடையில் ஓரிரு ஆண்டுகள் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளையே நான் விரும்பி ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டேன். எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.