ஏசி இருக்கா, வான் விடலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் நான்கு அறை கொண்ட விடுதி நடத்துகிறேன். மருமகன் இணையத்தளம் செய்து தந்தான். படங்கள் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் கோல் எடுப்பவர்கள் குறைவு. எடுப்பவர்களும் எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்கிறார்கள். தளத்தில் என்னதான் எழுதுவது?
– விடுதிக்காரர், உப்புவெளி

பதில்: தளத்தைத் திறந்து பார்த்தேன் ஐயா. 'இயற்கை எழில் கொஞ்சும் திருமலை மண்ணில் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று தொடங்குகிறது. கலியாண அழைப்பிதழுக்குப் பொருந்தும். உங்களைத் தேடி வருகிறவரோ பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். வாடகை எவ்வளவு, ஏசி இருக்கா, வான் விடலாமா? நாலாம் பந்தி வரைக்கும் அவர் பொறுக்கமாட்டார்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். ஒரு கிழமைக்கு வருகிற கேள்விகளை, கேட்டவர் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். கூகுளில் தட்டுவதும் அதே சொற்கள்தான். 'எழில்' என்று தேடி அறை பிடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிறகு முதல் பந்தியை இப்படி மாற்றுங்கள். கணக்கு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்: 'நான்கு அறைகள், இரண்டில் ஏசி. கடற்கரைக்கு நடந்தால் 8 நிமிடம். வளவுக்குள் ஒரு வான் விடலாம். முதல் நாளே சொன்னால் இரவுக்குப் புட்டும் மீன்குழம்பும்.'

அந்த 8 நிமிடத்தை நீங்களே நடந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். வெளியூர் விடுதி ஒன்று 'இரண்டே நிமிடம்' என்று எழுதியதை நம்பி, அக்காவின் சூட்கேஸை உச்சி வெயிலில் 25 நிமிடம் இழுத்தவன் நான். கோபம் இன்னும் ஆறவில்லை.

பருவத்தையும் மறைக்க வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் போகலாம். நவம்பர், டிசம்பரில் மழையும் அலையும். அப்போது வாடகையைக் குறைத்து, கோணேஸ்வரம் கோயிலையும் கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளையும் காட்டி எழுதுங்கள். கடலில் குளிக்கலாம் என்று கூப்பிட்டுவிட்டு வாசலில் நின்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பெரிய பிழை ஒன்று இருக்கிறது: போன் நம்பர் படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் கோல் போகாது. மருமகனிடம் சொல்லி, முதல் 0 ஐ எடுத்துவிட்டு +94 சேர்த்து எழுத்தாகப் போடச் சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்கு அறை பிடித்துக் கொடுப்பது பல வீடுகளில் கனடாவில் இருக்கிற பிள்ளைதான்.