சைக்கிளில் கேமரா: எந்தப் பை தாங்கும்?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் சைக்கிளில் பள்ளிக்கரணைக்கோ முட்டுக்காட்டுக்கோ போய்ப் பறவைகளைப் படம் எடுப்பேன். இரண்டு வருடம் முன்பு வாங்கிய கேமரா பையின் தோள் வார் போன மாதம் பிய்ந்துவிட்டது. கடையில் 1000 டெனியர், வாட்டர்ப்ரூஃப் என்று ஒரு பையைக் காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பழைய பை பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அநேகமாகத் துணி கிழிந்திருக்காது, தையல்தான் விட்டிருக்கும். நான் இதுவரை தூக்கிப் போட்ட பைகளில் ஒன்றுகூடத் துணி கிழிந்து போனதில்லை. வார் பையோடு சேரும் இடம், ஜிப், பக்கிள் இந்த மூன்றில் ஒன்றுதான் போகும். கடையில் நமக்குச் சொல்வதோ துணியைப் பற்றி மட்டும்.

டெனியர் என்பது 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கும் என்ற கணக்கு. 1000 டெனியர் என்றால் அந்த நீளத்துக்கு ஒரு கிலோ. நூல் தடிமனைச் சொல்கிற எண், அவ்வளவுதான். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரைத் தடுப்பது துணியின் உள்பக்கம் பூசியிருக்கிற பூச்சு. அந்தப் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊசி குத்திய ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் வரத்தான் செய்யும். சைக்கிளுக்கு 500 டெனியர் நைலானே போதும், நல்ல தையலாக இருந்தால் பல வருடம் உழைக்கும். 1000 எடுத்தால் வெறும் பையின் எடையையும் சேர்த்து நீங்கள்தான் மிதிக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் கையோடு கொண்டு போங்கள். பையில் போட்டு ஒரே வாரில் தொங்கவிட்டு, நாலு தடவை உதறிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. வார் சேரும் இடத்தில் பெட்டி மாதிரி தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறதா, இல்லையென்றால் பட்டையாக நெருக்கமாக ஓட்டிய பார்டேக் தையலாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஓட்டத் தையல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் பையைத் திறந்து உள்பக்கம் புரட்டிப் பாருங்கள், துணியின் வெட்டிய ஓரம் நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். ஓரம் அப்படியே நூல் நூலாகத் தெரிந்தால் அது ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டே வரும்.

ஜிப் ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும். மூடிய பல்லின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்வது அது. பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 இருக்க வேண்டும், 5 எல்லாம் சின்னப் பாக்கெட்டுக்கு. நீங்கள் கடலோரம் ஓட்டுகிறவர் என்பதால் பல் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது, உலோகப் பல்லை உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும்.

இன்னொன்று, கடையில் கண்ணாடி முன் நேராக நின்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். சைக்கிளில் நாம் முன்னால் குனிந்து உட்காருகிறோம். நேராக நிற்கும்போது முதுகோடு ஒட்டியிருக்கிற பை, குனிந்தவுடன் பக்கவாட்டில் நழுவி வயிற்றுப் பக்கம் வந்து தொங்கும், ஒவ்வொரு மிதிக்கும் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் உங்கள் வாரின் தையல் போயிருக்கிறது. இரண்டு தோள் வார் இருந்தால் மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே பெல்ட் இருக்க வேண்டும். ஒற்றை வார் என்றால் அக்குளுக்குக் கீழே வந்து மாட்டுகிற மூன்றாவது வார் ஒன்று கட்டாயம். ஒரு கேமரா, ஒரு சின்ன லென்ஸ் மட்டும் என்றால் என் ஓட்டு இடுப்புப் பைக்குத்தான். எடை கீழே இருக்கும், முதுகும் வேர்க்காது. ஆனால் பறவைக்காரர்கள் பலர் வைத்திருக்கிற, தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் சுமார் 2 கிலோ, 26 சென்டிமீட்டர் நீளம். அது இடுப்புப் பைக்கு அடங்காது, முதுகுப் பைதான் வழி.

முதுகுப் பையில் ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. முதுகெலும்புக்கு நேராகக் கடினமான எதையும் வைக்காதீர்கள். சைக்கிளிலிருந்து மல்லாந்து விழுந்தால் ட்ரைபாட் தலையோ லென்ஸ் விளிம்போ நேராக முதுகெலும்பில் இடிக்கும். கேமராவை ஒரு பக்கமாக வைத்து, நடுவில் மழைச் சட்டையை மடித்து வையுங்கள். கேமரா உடைந்தால் இன்னொன்று வாங்கலாம், முதுகு அப்படி இல்லை.

மழைக்கு வருவோம். பையோடு வரும் மழை உறை சைக்கிளில் பாதி வேலைதான் செய்யும். காற்றில் படபடக்கும், முதுகுப் பக்கத்தை மூடாது. போதாததற்குப் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகப் பையின் அடியில்தான் வந்து விழும், அதனால் பை வாங்குவதற்கு முன்னால் பின்சக்கரத்துக்கு மட்கார்டு போடுங்கள். நிஜமாகவே தண்ணீர் புகாத பை வேண்டுமென்றால் தார்பாய் வகைத் துணியில், தைக்காமல் சூட்டில் ஒட்டி, வாயை மூன்று சுருட்டு சுருட்டி மூடுகிற பைகள்தான். ஜெர்மனியின் ஹார்ட்முட் ஆர்ட்லீப் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் ஓட்டி நனைந்தபோது லாரித் தார்பாயைப் பார்த்து யோசனை வந்து, 1982-ல் தொடங்கிய நிறுவனம் இன்றும் அந்த வகைப் பைகளைத்தான் செய்கிறது. சூரிக்கில் ஃப்ரைடாக் சகோதரர்கள் 1993-ல் பழைய லாரித் தார்பாயை வெட்டியே தோள்பை தைத்தார்கள். தார்பாய் எத்தனை மழை தாங்கும் என்பது நம் லாரிக்காரர்களுக்குத் தெரியாததா!

ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். சுருட்டிய வாயைப் பிரித்து கேமராவை எடுப்பதற்குள் மீன்கொத்தி பறந்து போய்விடும். ஜிப் வைத்த சாதாரண நல்ல பையே வாங்குங்கள். 10 லிட்டர் ட்ரை பேக் (வாயைச் சுருட்டி மூடுகிற, தண்ணீர் புகாத மெல்லிய பை) ஒன்றை மடித்து அதன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மழை வந்தால் கேமராவை அதற்குள் போட்டு பைக்குள் வைத்துவிடலாம். ஐப்பசி மழையில் எனக்கு இதுவரை இந்த ஏற்பாடு கைவிட்டதில்லை.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். நண்பர்களோடு வால்பாறைக்குச் சைக்கிளில் போகத் திட்டம். முதுகில் தூக்க முடியாது, கேரியரில் தொங்கும் பையில் கேமராவை வைத்துக்கொண்டு போகலாமா?

பதில்: 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முதுகில் சுமை வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். ஏறும்போது ஒன்றும் ஆகாது, வேகம் இல்லை. இறங்கும்போதுதான் பிரச்சினை. கேரியர் பின்சக்கர அச்சோடு இரும்பாகப் பிணைந்திருப்பதால் ரோட்டில் விழும் ஒவ்வொரு அடியும் அப்படியே பைக்குப் போகிறது. நம் உடம்பில் முழங்கால், இடுப்பு, கை எல்லாம் சேர்ந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். கேரியருக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு பெரிய குழியை விட, விடாமல் மணிக்கணக்காக வரும் சின்ன அதிர்வுதான் லென்ஸுக்குள் இருக்கிற திருகுகளைத் தளர்த்தும்.

அதனால் ஏறும்போது கேரியர், இறங்கும்போது முதுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரியரில் வைக்கும் நேரத்தில் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றித் தனித்தனியாக வையுங்கள். கனமான லென்ஸ் மாட்டியபடியே குலுங்கினால் எல்லா விசையும் லென்ஸ் கேமராவோடு சேரும் வளையத்தில்தான் விழும். பையின் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஃபோம், அதன் மேல் நாலாய் மடித்த பருத்தித் துண்டு, பிறகு கேமரா. பைக்குள் எதுவும் ஆட இடம் இருக்கக் கூடாது, மிச்ச இடத்தில் உடுப்பைத் திணித்துவிடுங்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருந்து காற்றையும் கொஞ்சம் குறைத்தால் பாதி அதிர்வு அங்கேயே போய்விடும்.

ஹேண்டில்பார் பை எப்படி என்று அடுத்து கேட்பீர்கள். நின்று, கேமராவை எடுத்து உடனே படம் பிடிக்க வசதிதான், ஆனால் 2 கிலோவுக்கு மேல் போட்டால் இறக்கத்தில் முன்சக்கரம் வேறு மாதிரி திரும்பும். சின்ன கேமராவுக்குச் சரி.

கேள்வி: தூத்துக்குடி. நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்த விலை உயர்ந்த கேமரா பை, உள்ளே பிசுபிசு என்று ஒட்டுகிறது, வெள்ளையாக உதிர்கிறது. சரி செய்ய முடியுமா?

பதில்: முடியாது, வருத்தமாகத்தான் இருக்கிறது. அது பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. நம் கடலோர ஊர்களில் பீரோவுக்குள் பூட்டி வைப்பதுதான் அதற்கு எமன். எனக்கும் ஒரு பை இப்படித்தான் போனது, ஆறு முறைகூட எடுத்திருக்க மாட்டேன். அந்தப் பிசுக்கு லென்ஸில் படாமல் இருக்க, உள்ளே இருக்கும் தடுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு பையை விட்டுவிடுங்கள்.

அடுத்த பையைக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பயணம் முடிந்து வந்ததும் எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் காய வையுங்கள். முக்கியமாக, கேமராவை அதற்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். வேர்வையும் மழையும் ஊறிய ஃபோம் காய இரண்டு நாள் ஆகும், அந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கலாம். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு கேமராவை அதில் வையுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி. அண்ணன் கொடுத்த பழைய கேமரா, சைக்கிள் இரண்டும் இருக்கிறது. கேமரா பை வாங்க இப்போது காசு இல்லை. புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம் தங்கச்சி. பழைய யோகா பாயை வெட்டி, புத்தகப் பைக்குள் பொருந்துகிற மாதிரி அடிக்கு ஒன்று, சுற்றிலும் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று வைத்துத் துணி டேப்பால் ஒட்டுங்கள். கேமராவை ஒரு துண்டில் சுற்றி அதற்குள் வைத்தால் ஆடாது. முதுகு வேர்வை உள்ளே வராமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாள். பிறகு பேக் தைக்கிற கடையில் கொடுத்து, தோள் வார் நாலு முனையிலும் தடித்த நூலில் பெட்டித் தையல் போடச் சொல்லுங்கள், மார்புக்குக் குறுக்கே ஒரு பக்கிள் பெல்ட்டும் வைக்கச் சொல்லுங்கள். புதுப் பைக்கு ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் வரும். பையின் வெளியே கேமரா பிராண்டு பெயர் எதுவும் இருக்காது என்பதால் டீக்கடையில் இறக்கி வைக்கும்போதும் யார் கண்ணும் அதன் மேல் போகாது.