தக்காளி சுருண்ட பிறகுதான் மீன்: வாசகர் கேள்வி-பதில்

தக்காளி கூட்டி வைக்கும் மீன் குழம்பைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து ஊற்றினால் குழம்பு ஏன் சரியாக வருவதில்லை? அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா? (திருச்சி)

நாட்டுத் தக்காளி. தோல் மெல்லிசு, சாறு அதிகம், புளிப்பும் உண்டு. பெங்களூர்த் தக்காளி லாரியில் நசுங்காமல் ஊர் போய்ச் சேரும், ஆனால் சதை கெட்டி, புளிப்பு கம்மி. அதுதான் கிடைக்கிறதென்றால் ஒரு பழம் கூடப் போட்டு, புளியையும் ஒரு சிட்டிகை கூட்டுங்கள். எதுவானாலும் கையில் எடுத்தால் இளகும் அளவுக்குப் பழுத்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இரண்டு நாள் வெளியே கூடையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுக்காது.

தக்காளி போட்டால் புளியே வேண்டாம் என்கிறார் என் நாத்தனார். சரியா? (ஈரோடு)

சரியில்லை. தக்காளியின் புளிப்பு நாக்கில் பட்டதும் ஓடிவிடும், பின்னாலேயே ஒரு இனிப்பு வரும். புளியின் புளிப்பு நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு நான்கைந்து தக்காளி, அதாவது முந்நூறு கிராம் போல. புளி பெரிய நெல்லிக்காய் அளவு. தக்காளியே இல்லாமல் வைத்தால் எலுமிச்சை அளவு. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனுக்குப் புளி இருந்தே ஆகவேண்டும். சங்கரா, கொடுவா, பாறை என்றால் புளியைக் குறைத்து இரண்டு துண்டு மாங்காய் போடலாம், அருமையாக இருக்கும்.

மீன் துண்டுகள் உடைந்து குழம்போடு கரைந்துவிடுகின்றன. (விழுப்புரம்)

இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. மீனைப் போட்ட பிறகு கரண்டி போடாதீர்கள். சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுழற்று சுழற்றினால் போதும், மசாலா எல்லாத் துண்டுக்கும் போய்விடும். ஆட்டுக்கறியின் தசையைக் கட்டி வைத்திருக்கும் நார் வலுவானது, மணிக்கணக்கில் வேகவேண்டும். மீனில் அது மிக மெல்லிசு. குழம்பு கொதி வருவதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். அதனால் ஏழெட்டு நிமிடம், தடித்த வஞ்சிரத் துண்டுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். மண் சட்டி என்றால் ஒரு நிமிடம் முன்னாலேயே அடுப்பை அணையுங்கள், சட்டியின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கழுவியதும் உப்பும் மஞ்சளும் தடவி கால் மணி நேரம் வைத்தால் சதை கொஞ்சம் இறுகும்.

உங்கள் குறிப்புப்படி செய்தேன். நன்றாக வரவில்லை. காரணம் என்ன? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மீன்? எத்தனை பழம்? புளிப்பு தூக்கலா, காரம் தூக்கலா, உப்பு கரித்ததா, அடிபிடித்ததா? ஒன்றும் சொல்லாமல் ஒரு வரி எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? நாடி பார்க்கக் கையை நீட்டாமல் வைத்தியரிடம் மருந்து கேட்பது போலிருக்கிறது. என்ன போட்டீர்கள், எந்த வரிசையில் போட்டீர்கள் என்று எழுதி மறுபடி அனுப்புங்கள். கட்டாயம் பதில் சொல்கிறேன்.

வெங்காயம், தக்காளி, தேங்காய், தூள், புளி எல்லாவற்றையும் பச்சையாக மிக்ஸியில் அரைத்து, கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு இறக்குகிறேன். இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனால் நுரை கட்டுகிறது, நிறம் வெளிறுகிறது, பச்சை வாசனையும் போகவில்லை. எதைச் சேர்த்தால் சரியாகும்? (சென்னை)

எதையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. செய்முறையை மாற்ற வேண்டும்.

இந்த 'எல்லாவற்றையும் அரைத்து ஊற்று' முறை எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது, இன்று வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு சமையல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போய் நின்றால், 'நேரம் மிச்சம்' என்று தக்காளியையும் வெங்காயத்தையும் பச்சையாக அரைத்து ஒரு வாளி நிறைய வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் செய்துகாட்ட வேண்டும் என்றார்கள். வந்திருந்த முப்பது பேரும் அன்றைக்கு ருசி பார்த்தது வெங்காயக் கசப்பைத்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். முந்நூறு கிராம் பழம் போட்டால் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். அந்தத் தண்ணீர் சட்டியில் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, எதுவும் வறுபடாது, வெறுமனே வேகும். தண்ணீர் வற்றிய பிறகுதான் எண்ணெய் ஓரத்தில் தெரியும். நம் பாட்டிகள் 'எண்ணெய் பிரியணும்' என்று சொன்னது அந்தக் கட்டத்தைத்தான். தக்காளியின் சிவப்பும் மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அல்ல. எண்ணெயில் வதங்கினால்தான் குழம்பின் மேலே அந்தச் சிவந்த எண்ணெய் மிதக்கும். உங்கள் குழம்பு வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான். போதாததற்கு மிக்ஸி காற்றையும் சேர்த்து அடிக்கிறது, அதுதான் நுரை. வெங்காயத்தைப் பச்சையாக அரைக்கும்போது அதன் காட்டமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்து கசக்கிறது.

வரிசையும் முக்கியம். புளியில் பருப்பு வேகாது என்று நமக்குத் தெரியும். வெங்காயத்துக்கும் அதே கதைதான். புளிப்பு சேர்ந்துவிட்டால் அது இளக வெகுநேரம் பிடிக்கும். அதனால் நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, அப்புறம் சின்ன வெங்காயமும் பூண்டும். வெங்காயம் நன்றாகக் கண்ணாடியாகி ஓரம் சிவந்த பிறகு தக்காளி. அதன் மேல் கால் ஸ்பூன் உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் விடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுத்தரத் தீயில், தொக்கு மாதிரி சுருண்டு வரும்வரை வதக்குங்கள். தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். பிறகு புளிக்கரைசல். அது பதினைந்து நிமிடம் கொதித்துப் பச்சை வாசனை போய், உப்பு, புளி, காரம் மூன்றும் சரிதானா என்று பார்த்த பிறகு, கடைசியாக மீன். குழம்பு முழுசாகத் தயாரான பிறகுதான் மீன் உள்ளே போகவேண்டும். மீனைப் போட்டுவிட்டுக் குழம்பை வேகவைக்கக் கூடாது.

கன்னியாகுமரிப் பக்கம் வதக்காமலே கூட்டி வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், அருமையான குழம்பு அது. ஆனால் அங்கே தேங்காயும் மசாலாவும் மையாக அரைபடுகின்றன, தக்காளி வெட்டியோ கையால் பிசைந்தோ போகிறது, குழம்பின் எடுப்பு புளியிலும் தேங்காயிலும் இருக்கிறது. மிக்ஸியில் மொத்தத்தையும் நுரைக்க அடிப்பது அந்த மரபில் இல்லை.

நேரம்தான் பிரச்சினை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ தக்காளியை வதக்கிச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழம்புக்கு வரும். குறுக்குவழி வேண்டுமென்றால் அப்படி ஒன்றைப் பிடியுங்கள்.

டொமேட்டோ கெச்சப் ஊற்றலாமா? (கோவை)

கூடாது. அதில் வினிகரும் சர்க்கரையும் இருக்கின்றன.

தக்காளித் தோல் குழம்பில் சுருண்டு சுருண்டு நிற்கிறது. (சேலம்)

நாட்டுத் தக்காளியில் அவ்வளவாகத் தெரியாது. பெங்களூர்த் தக்காளியை அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையோடு வந்துவிடும்.

தடைக்காலத்தில் வஞ்சிரம் யானை விலை. குழம்புக்கு எதை வாங்குவது? (கடலூர்)

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. கன்னியாகுமரியின் மேற்குப் பக்கம், நீரோடி வரை, ஜூன் 1 முதல் ஜூலை 31. ஆனால் நாட்டுப்படகுகள் போகும். அவை கொண்டுவரும் சின்ன மீன்கள் புதிதாக இருக்கும். கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, மடவை, கிடைத்ததை வாங்குங்கள். மீனவர்கள் அந்த இரண்டு மாதம் பொறுத்திருப்பது மீன் முட்டையிட்டுப் பெருகத்தான். நாமும் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாமே. நெத்திலிக்கு மூன்று நிமிடம் போதும். கரண்டி போடாதீர்கள்.

குளத்து மீனையும் ஒதுக்காதீர்கள். கட்லா, ரோகு, விரால் எல்லாம் தக்காளிக் குழம்புக்கு நன்றாகப் பொருந்தும். அவற்றில் வரும் சேற்று வாசனைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு சிதைத்துவிடும். கழுவும்போது கொஞ்சம் புளித்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். இங்கே 'சியோப்பினோ' என்று தக்காளி மீன் குழம்பு ஒன்று உண்டு. வீட்டில் செய்யும்போது நம் குழம்பு மிளகாய்த்தூள் சேர்க்கலாமா? (சான் ஹோசே)

சேர்த்தால் அது நம் குழம்பாகிவிடும். சியோப்பினோவைச் சியோப்பினோவாகச் செய்து பாருங்கள், அதற்கென்று தனி ருசி இருக்கிறது. இத்தாலியின் ஜெனோவாப் பக்கமிருந்து சான்பிரான்சிஸ்கோவில் குடியேறிய மீனவர்கள் 1800களின் கடைசியில் அன்றன்று கிடைத்த மீனையும் நண்டையும் தக்காளியில் போட்டு வைத்த குழம்பு அது. மிளகாய்த் தூவல் ஒரு சிட்டிகை போதும். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, சோம்புச் செடியின் கிழங்கு மூன்றையும் பொறுமையாக வதக்கி, டின் தக்காளியைப் பிசைந்து ஊற்றி, அரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். டின் தக்காளி அங்கே நல்ல பழுத்த பழத்தில் செய்கிறார்கள், குளிர்காலத்துப் பச்சைப் பழத்தைவிட அதுவே மேல். வெள்ளை ஒயின் ஊற்றாதவர்கள் இறாலின் ஓட்டை வேகவைத்த தண்ணீரை ஊற்றி, இறக்கும்போது எலுமிச்சை பிழியலாம். டஞ்சனஸ் நண்டு, சிப்பி, காட் அல்லது ஹாலிபட், இறால் என்று வேக எடுக்கும் நேரப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வாய் திறக்காத சிப்பியை எடுத்து எறிந்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள அந்த ஊர்ப் புளித்த மாவு ரொட்டி. சோறு வேண்டாம். ஆக, ஜெனோவாக்காரர்களும் தக்காளி சுருண்டு முடித்த பிறகுதான் மீனைப் போட்டிருக்கிறார்கள்.

அலுமினியச் சட்டியில் வைக்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இரும்புச் சட்டியும் வேண்டாம், குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். மண் சட்டி இல்லையென்றால் எவர்சில்வர்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். இரவு முழுக்க வெளியே வைத்தால் கெடாதா? (மதுரை)

மறுநாள் ருசி உண்மைதான், புளியும் உப்பும் துண்டுக்குள் ஊறியிருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் புளியும் காரமும் எண்ணெயும் வேறு. நாம் வைக்கும் தக்காளிக் குழம்பு அவ்வளவு தாங்காது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் சமைப்பதற்கு முன் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். புளி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். ஐஸில் கிடக்கும் மீனை வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள். மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காய்கறிக் கடை, துணிக்கடை என்று சுற்ற வேண்டாம். மீன் கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தலையையும் போடலாமா? குழந்தைகளும் சாப்பிடும் குழம்பு. (காரைக்கால்)

கட்டாயம் போடுங்கள். தலை எலும்பில் இருந்து இறங்கும் பசைதான் குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது, தேங்காய் அரைத்து விடாத குழம்பில் அது இன்னும் நன்றாகத் தெரியும். செவுளை முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கசக்கும். துண்டுகளுக்கு நாலைந்து நிமிடம் முன்னாலேயே தலையைப் போட்டு, பரிமாறுவதற்கு முன் முழுசாக எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள். அதற்கும் கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. தலை உடைந்தால் சின்னச் சின்ன முள் குழம்பில் கலந்துவிடும், குழந்தைகளின் தொண்டையில் சிக்கும்.