பைலோபிளாஸ்டி முடிந்ததும் உள்ளே ஏன் ஸ்டென்ட் விடுகிறார்கள்?

சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்து அடைப்பை நீக்க, லேப்ராஸ்கோபி மூலம் பைலோபிளாஸ்டி என்ற ஆபரேஷன் செய்தபின் உள்ளே ஏன் ஒரு குழாயை விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே நடப்பது வெட்டித் தைக்கும் வேலை. வயிற்றில் 5 முதல் 10 மி.மீ. அளவில் மூன்று, நான்கு துளைகள். குறுகிய பகுதியை நறுக்கி நீக்கிவிட்டு, சிறுநீர்க்குழாயின் நுனியை நீளவாக்கில் கீறி வாயை அகலமாக்கி, சிறுநீரகப் பையின் (சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் பகுதி) தாழ்வான இடத்தில் கரையும் நூலால் தைப்பார்கள். 1949-இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற மருத்துவர்கள் சொன்ன முறைதான். சிலருக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதை வெட்டினால் சிறுநீரகத்தின் அந்தப் பகுதி செத்துவிடும். அதனால் சிறுநீர்க்குழாயை அதற்கு முன்பக்கம் கொண்டுவந்து தைப்பார்கள்.

தையல் கசியாமல் ஆறத்தான் இரு முனையும் சுருண்ட அந்த டிஜே (டபுள் ஜே) ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய். பொதுவாக 4 முதல் 6 வாரம் இருக்கும். சிறுநீர் போகும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும், சிறுநீர் லேசாகச் சிவந்தும் போகும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். குளிர்காய்ச்சலோ கட்டிகட்டியாக ரத்தமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டென்ட் எடுக்கும் தேதியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகும், எடுக்கவே இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

பிறகு அல்ட்ராசவுண்டில் சிறுநீரக வீக்கம் கொஞ்சம் மிச்சமிருப்பது சகஜம். சிறுநீர் வடிகிறதா என்பதை ரெனோகிராம் (லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) தான் சரியாகக் காட்டும்.