செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் தர்மபுரிக்காரன். பெங்களூரில் ஒரு விஎஃப்எக்ஸ் (சினிமா கிராஃபிக்ஸ்) ஸ்டூடியோவில் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. ஐந்து நொடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். காற்றில் முடி பறந்தால் தொலைந்தோம்; ஒவ்வொரு ஃபிரேமிலும் நுனி வேறு இடத்தில் கலங்கலாக நிற்கும். அதனால் இந்தப் படங்களை நான் பார்க்கிற விதமே கொஞ்சம் வேறு.

என் கட்சி இதுதான். சூப்பர்ஹீரோ படம் 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தோடு முடிந்துவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் இழுத்துக்கொண்டு போகிற சீரியல். ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. ஆனால் ‘இன்டர்ஸ்டெல்லார்’ 2025 பிப்ரவரியில் மறுபடி ஐமேக்ஸ் பெருந்திரையில் வந்தபோது காலைக் காட்சிக்கே டிக்கெட் கிடைக்காமல் அலைந்தேன். பத்து வருஷத்துக்கு முந்தைய படம்! அதில் அறிவியல் சரியாக இருக்கிறது, அதனால் நிற்கிறது. மற்றவற்றில் காதில் பூ சுற்றுகிறார்கள், அதனால் விழுகிறது. இது சரிதானே? ‘டியூன்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மணலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் வந்துவிட்டது.

என் ரூமில் இரண்டு மலையாளிகள். ‘லோகா’ என்கிற மலையாள சூப்பர்ஹீரோ படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ‘தமிழில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை’ என்று ஓட்டுகிறார்கள். பட்ஜெட் இல்லை என்றும் சொல்ல முடியாது, அவர்கள் படமே சின்ன பட்ஜெட்.

இன்னொன்று. எந்தப் படம் ஊற்றிக்கொண்டாலும் ‘கிராஃபிக்ஸ் மட்டம்’ என்று பழி எங்கள் தலையில்தான் விடிகிறது. இங்கே ஒரு பெரிய ஸ்டூடியோவை ஒரே நாளில் மூடியபோது என் நண்பர்கள் பலர் சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். அதைப் பற்றி எந்த விமர்சகரும் எழுதுவதில்லை.

கடைசியாக, அக்கா மகனுக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அவனுக்கு என்ன படம் போட்டுக் காட்டலாம்?

கா.
ராமமூர்த்தி நகர், பெங்களூர்

*

அன்புள்ள கா.,

சலிப்பு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2023 நவம்பரில் ‘தி மார்வெல்ஸ்’ வந்தது. உலகம் முழுக்கச் சேர்த்தும் இருபது கோடி டாலர் சொச்சம்தான். மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ வரிசையிலேயே ஆகக் குறைந்த வசூல். எட்டு மாதம் கழித்து அதே நிறுவனம் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ படத்தை விட்டது. 130 கோடி டாலரைத் தாண்டியது. எட்டு மாதத்தில் சலிப்பு தெளிந்துவிட்டதா என்ன?

என் வருத்தம் வேறு. அந்த 130 கோடி டாலர் படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். 2017-இல் ‘லோகன்’ படத்தில் வுல்வரின் செத்துப்போனார். வயதாகி, காயம் ஆறாமல், ஒரு சிறுமியைக் காப்பாற்றிவிட்டுக் காட்டில் விழுந்து செத்தார். பிள்ளைகள் கல்லை அடுக்கிப் புதைத்தார்கள். அந்தச் சிறுமி போகும்முன் சிலுவையைப் பிடுங்கிச் சாய்த்து எக்ஸ் வடிவத்தில் நட்டுவிட்டுப் போனாள். சூப்பர்ஹீரோ படங்களில் அதைவிட நல்ல சாவு எனக்கு நினைவில்லை. டெட்பூல் வந்து செய்கிற முதல் காரியம், அந்தக் குழியைத் தோண்டுவது. உள்ளே உலோக எலும்புக்கூடு. அதைப் பிய்த்து, எலும்பையே ஆயுதமாக வைத்துப் பத்துப் பேரை அடிக்கிறார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். வெளியே வந்து பார்க்கிங்கில் வண்டியைத் தேடும்போதுதான் எரிச்சல் வந்தது. ‘உங்களை அன்றைக்கு அழ வைத்தோமே, அது சும்மா’ என்று அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள், அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அதே 2024 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு. அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் திரும்ப வருகிறார், டாக்டர் டூம் என்ற வில்லனாக. வேறு பாத்திரம்தான், ஆனால் முகம் அதே முகம். எண்ட்கேமில் டோனி ஸ்டார்க் விரலைச் சொடுக்கிவிட்டு உட்கார்ந்தபடியே உயிர்விட்டபோது விம்மின பிள்ளைகளை இந்த ஊர் தியேட்டர்களில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இப்போது என்ன சொல்வது? எல்லாவற்றுக்கும் மல்டிவெர்ஸ் (ஒரே ஆள் வேறு வேறு விதமாக வாழும் பல இணை உலகங்கள்) என்று ஒரு சாவி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது புதிதும் இல்லை. இடைவேளையில் ஹீரோ சாவார், பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் பொள்ளாச்சியிலிருந்து தம்பி பஸ் ஏறி வந்திருப்பார். ஹாலிவுட் இதை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது, அதுவும் இருபது கோடி டாலர் செலவில்.

இழந்தது திரும்ப வராது என்று தெரிந்தால்தான் திரையில் எதற்கும் பெறுமானம். என் அளவுகோல் இது ஒன்றுதான். அறிவியலை அதற்கப்புறம்தான் பார்ப்பேன்.

இன்டர்ஸ்டெல்லாருக்கு வருவோம். அறிவியல் சரியாக இருப்பதால் நிற்கிறது என்கிறீர்கள். கருந்துளைக்குள் விழுந்த அப்பா, மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நிற்கிறாரே, அது எந்தப் பாடத்தில் வருகிறது? படத்தில் அறிவியல் நிஜமாகவே வேலை செய்கிற இடம் வேறு. கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு கிரகம்; அங்கே ஒரு மணி நேரம் போனால் பூமியில் ஏழு வருஷம் போய்விடும். அப்படி ஒன்று வேண்டும் என்று இயக்குநர் நோலன் கேட்டபோது இயற்பியலாளர் கிப் தார்ன் முதலில் நடக்காது என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். கருந்துளை அதன் உச்ச வேகத்தை ஒட்டிச் சுழன்றால் முடியும் என்று வந்தது. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக 2017-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் அவர். அவர் கணக்கை நம்பலாம்.

அந்தக் கணக்கு கதைக்கு என்ன செய்தது? அலையில் மாட்டிக் கொஞ்சம் தாமதமாகக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். 23 வருஷம் போய்விட்டது. அந்த அப்பா, கூப்பர், உட்கார்ந்து வீட்டிலிருந்து வந்த வீடியோக்களைப் போடுகிறார். மகன் பள்ளி முடிக்கிறான், கல்யாணம் செய்கிறான், குழந்தையைக் காட்டுகிறான், அந்தக் குழந்தையைப் புதைத்த செய்தியைச் சொல்கிறான். ‘இனி நீங்கள் வரமாட்டீர்கள்’ என்று நிறுத்திக்கொள்கிறான். அப்புறம், அதுவரை பேசவே மாட்டேன் என்றிருந்த மகள் வருகிறாள், அப்பாவின் வயதில். மாத்யூ மெக்கானஹேயின் முகத்தில் அப்போது எந்த கிராஃபிக்ஸும் இல்லை. ஒரு சமன்பாடு ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளைகளின் வளர்ச்சி முழுவதையும் பிடுங்கிக்கொண்டது, இனி எந்தக் கருவியாலும் அந்த வருஷங்களைத் திருப்பித் தர முடியாது. நீங்கள் காலைக் காட்சிக்கு அலைந்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். (ஐமேக்ஸுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, அந்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. நம் பர்ஸுக்கு மட்டும் டைம் லூப்.)

டியூனுக்காகச் சண்டை போட மாட்டேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகன் முன் ஊரே மண்டியிடும்போது அவன் காதலி சானி மட்டும் மண்டியிடாமல் வெளியே நடந்து போகிறாள். அந்த ஒரு முகத்துக்காக அவ்வளவு மணலையும் பொறுத்துக்கொண்டேன்.

லோகா. உங்கள் ரூம்காரர்கள் ஓட்டட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 30 கோடி ரூபாயில் எடுத்து 300 கோடி ரூபாய்க்கு மேல் பார்த்த படம் என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அது பெங்களூரைப் பயன்படுத்திய விதம். நாயகி சந்திரா இந்த ஊருக்கு வருகிறாள். ராத்திரி கஃபேயில் வேலை, பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு தூக்கம். எதிர் ஃபிளாட்டில் வேலைவெட்டி இல்லாத பையன்கள். அவள் யட்சி. பகலெல்லாம் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை இங்கே யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் தெருவிலேயே அப்படி நாலு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள். இதே கதையைக் கும்பகோணத்தில் வைத்திருந்தால் மூன்றாம் நாளே எதிர்வீட்டு மாமி கண்டுபிடித்திருப்பார்.

அவளுக்கும் ஒரு திரும்பாத இழப்பு இருக்கிறது. கோயிலுக்குள் போனதற்காகத் தன் ஜனம் மொத்தமும் வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்த சிறுமி அவள். நூற்றாண்டுகள் வாழலாம், லாரியைத் தூக்கி எறியலாம், அந்த ராத்திரியை மாற்ற முடியாது.

இதில் உங்களுக்கு வயிறு எரிய ஒரு தகவல் தருகிறேன். சந்திராவின் கதைக்கு மூலம் கேரளத்தின் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி. அந்தக் கள்ளியங்காடு இன்றைக்கு நாகர்கோவில் பக்கம், தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. நமக்கும் பழையனூர் நீலி என்று ஒரு பேய்க்கதை உண்டு. குமரி மாவட்டத்தில் இசக்கியம்மன் இல்லாத ஊர் குறைவு. சரக்கு முழுக்க நம் வீட்டுப் பரணில்தான் கிடந்தது.

ஏன் எடுக்கவில்லை? பணமும் காரணமில்லை, தொழில்நுட்பமும் காரணமில்லை. 1963-லேயே ‘கலை அரசி’யில் பாட்டுச் சொல்லித்தர பானுமதியை வேற்றுக்கிரகத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பின்னாலேயே எம்.ஜி.ஆரும் போனார். இதை உங்கள் ரூம்காரர்களிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குத் தாங்கும். நம் சிக்கல், நம் ஹீரோ சக்தி வருவதற்கு முன்னாலேயே பறப்பவர். முதல் பாட்டுக்கு முன்பே இருபது பேரை அடித்துவிட்டார். மின்னல் தாக்கி அவருக்குப் புதிதாக என்ன கிடைக்கப் போகிறது? அவர் எதையும் திரும்பாத அளவுக்கு இழக்கவும் முடியாது, ரசிகர் மன்றம் சும்மா விடாது. ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ (2025) தொடங்கும்போதே ஹீரோ தோற்று, பனியில் குப்புற விழுந்து, எழ முடியாமல் நாயைக் கூப்பிட விசில் அடிக்கிறார். நம் பெரிய நட்சத்திரம் ஒருவரிடம் போய் இந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, கதை சொன்னவர் முழுசாக வெளியே வர வேண்டும். (அந்தப் படத்தில் 33 நொடி முத்தத்தை நம் தணிக்கையில் கத்தரித்தார்கள். ஊரை இடித்தால் பரவாயில்லை.)

மலையாளத்தில் வந்த ‘மின்னல் முரளி’யில் மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருவன் தையல்காரன். இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்கிற ஷிபு. ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறைக்காரர். காலமெல்லாம் காத்திருந்த பெண் கிடைத்த வேகத்தில் கையைவிட்டுப் போகும்போது அவர் அழுகிற அழுகையில் வில்லன் யார் என்பதே மறந்துவிடும். அப்படி ஒருவர் நம்மிடம் இருந்தார், அந்த வேடம் அங்கே கிடைத்தது.

தமிழில் அந்தப் பக்கம் போன படம் எனக்குத் தெரிந்து ‘மாவீரன்’. ஹீரோ பயந்தாங்கொள்ளி. குடிவைத்த அடுக்குமாடியில் கை வைத்த இடமெல்லாம் காரை பெயர்கிறது, கேட்கத் துணிவில்லை. தலைக்குள் ஒரு குரல் வந்து மாட்டிவிடுகிறது. சிவகார்த்திகேயன் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆளுக்கு இது தேவையா என்றுதான் தோன்றியது. பின்பாதியில் கொஞ்சம் வழக்கமான பாதைக்குப் போய்விட்டார்கள், இருந்தாலும் நல்ல தொடக்கம்.

கிராஃபிக்ஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தில் 610 விஎஃப்எக்ஸ் ஷாட், செய்தவர்கள் 35 பேர். மொத்தப் படச் செலவே ஒன்றரைக் கோடி டாலருக்குள். 2024-இல் விஎஃப்எக்ஸ் ஆஸ்கரை அதுதான் வாங்கியது. இயக்குநர் யமசாகியே விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளர். என்ன வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், பக்கத்து மேஜைக்குப் போய்ச் சொல்லிவிடுவார். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ‘கிளைமாக்ஸை மாற்றலாமா’ என்று கலிஃபோர்னியாவிலிருந்து மெயில் வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2023-இல் மார்வெலின் சொந்த விஎஃப்எக்ஸ் ஊழியர்களே ஒருவர்கூட எதிர்க்காமல் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். பெங்களூரில் அப்படி ஒன்று வருமா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதினால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அக்கா மகனுக்கு ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ போடுங்கள். தமிழிலேயே வந்தது. அதுவும் மல்டிவெர்ஸ்தான், ஆனால் நேர்மையானது. ஆயிரம் உலகம் இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒரு சாவை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று ஸ்பைடர்மேன் பையனிடம் சொல்கிறார்கள், அவன் ‘என் அப்பாவை விடமாட்டேன்’ என்று ஓடுகிறான். படம் சரியாகச் சூடுபிடிக்கும் இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். பையன் உங்களைத்தான் பிடித்துக்கொள்வான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்