காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஊரே வாட்ஸப்பில் துப்பறிகிறது. எனக்குத் தெரிந்ததை நானும் போடலாமா?

போடாதீர்கள். காவல் நிலையத்தில் போய்க் கொடுங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மீதியைப் படிப்பது உங்கள் இஷ்டம், ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பள்ளியில் படிக்கிற பிள்ளை ஒன்றை இரண்டு நாளாகக் காணவில்லை, குழுவுக்குக் குழு ஒரு காரணம் சொல்கிறார்கள், எனக்கும் ஒரு விஷயம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஒரு விஷயம்' அநேகமாக ஒரு வீடியோ. வீட்டு வாசல் கேமராவில் பதிவானதாக இருக்கும், இல்லை கடைக் கேமராவில். போனில் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பீர்கள், இரண்டு பேரிடம் காட்டியும் இருப்பீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

எனக்குக் கடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எங்கள் ஊரில் காணாமல் போன பிள்ளை பையனா பெண்ணா என்பதையும் சொல்ல மாட்டேன். 'பிள்ளை வந்தது, போனது' என்றே எழுதுகிறேன். எந்த வருஷம் என்பதும் வேண்டாம். இதெல்லாம் பந்தா இல்லை, காரணம் இருக்கிறது. அப்புறம் சொல்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம், ட்யூஷன் விடுகிற கூட்டத்தோடு கூட்டமாக வந்தது. ஆதார் அட்டையை நீட்டி இரண்டு காப்பி கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். பத்து ரூபாய் நோட்டு, மீதி சில்லறை, அவ்வளவுதான். அழுத முகம், பயந்த முகம் என்று ஒன்றும் எனக்கு நினைவில்லை. உண்மையைச் சொன்னால் முகத்தையே நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டால் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் நாலு குழுக்களில் அதே போட்டோ. பள்ளிச் சீருடை, பெயர், அப்பாவின் போன் நம்பர். 'அட, நம்ம கடைக்கு வந்த பிள்ளையாச்சே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. திரையைப் போனால் படம் பிடித்தேன், 38 நொடி. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் குழுவில், "போலீஸில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொடுங்கப்பா" என்று போட்டேன். காவல் நிலையம் என் கடையிலிருந்து பத்து நிமிஷ நடை. வண்டி கூட வேண்டாம். ஏன் போகவில்லை என்று கேட்டால், கடையை யார் பார்ப்பது என்று அப்போது சொல்லியிருப்பேன். குழுவில் "டேய், கடைசியா உன் கடைக்கா வந்தது?" என்று நாலு பேர் கேட்டபோது ஒரு மாதிரி பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன்.

ஒரு மணி நேரத்தில் பண்ருட்டியிலிருந்து என் மச்சினிச்சி அதே வீடியோவை எனக்கே அனுப்பினாள், "மாமா, இது உங்க கடை மாதிரியே இருக்கே?" என்று. அதில் ஒரு ஆளைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, கூடவே ஒரு திகில் இசை.

அந்த 38 நொடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை கவுன்ட்டரில் நிற்கிறது, முதுகில் புத்தகப் பை. பின்னால் நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில் ரேஷன் கார்டு. பிள்ளை காசு எடுக்கத் திரும்பும்போது அவர் குனிகிறார். அவர் கை பையின் மேல் இரண்டு நொடி இருக்கிறது. பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, அவர் ஏதோ சொல்கிறார், பிள்ளை தலையாட்டுகிறது. என் கேமராவில் சத்தம் பதிவாகாது. நான் அங்கேயே நின்றவன், எனக்குத் தெரியும்: பையின் ஜிப் திறந்து நோட்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் ஜிப்பை இழுத்துவிட்டு, "விழுந்துடும், பாத்து" என்றார்.

குழுக்களுக்கு அது தெரியாதே. "பையில் ஏதோ போடுகிறான்." "சிக்னல் கொடுக்கிறான்." "மயக்க மருந்து." ஆதார் காப்பி எதற்கு? பதிவுத் திருமணத்துக்கு. இல்லை இல்லை, சிம் கார்டு வாங்க. ஒருவர் கிட்னி என்றார். அவருக்கு எதுவானாலும் கிட்னிதான். சாயங்காலத்துக்குள் பிள்ளையின் அம்மா எப்படிப்பட்டவர், அப்பா ஏன் வெளியூரில் வேலை செய்கிறார் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். பையனாக இருந்தால் கஞ்சா, பெண்ணாக இருந்தால் காதல். இந்த இரண்டில் எதைச் சொன்னார்கள் என்று நான் எழுதினால் யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் நேரக் கணக்கு. வீடியோவின் மூலையில் 5.10 என்று இருந்தது. அதை வைத்து ஒரு இன்ஜினியரிங் படித்த தம்பி பட்டியலே போட்டான். 5.10க்குக் கடை, திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு இத்தனை நிமிஷம், 5.25க்கு ஒரு பாண்டி பேருந்து. ஆக, பிள்ளை பாண்டியில். எங்கள் ஊரில் எது தொலைந்தாலும் பாண்டியில்தான் தேடுவார்கள். ஆல்பேட்டையைத் தாண்டினால் வேற அரசாங்கம், வேற போலீஸ், வேற சாராயம். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு வெளிநாடு மாதிரி. நாலு பையன்கள் இரண்டு வண்டியில் முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கடை கடையாக போட்டோவைக் காட்டிக்கொண்டே கடற்கரை வரைக்கும் போனார்கள். நல்ல பையன்கள்தான். பெட்ரோல் அவர்கள் காசு. அவர்களைக் குறை சொல்லவில்லை.

அன்று மதியம் ஒரு ஏட்டும் பெண் எஸ்ஐ ஒருவரும் கடைக்கு வந்தார்கள். என் வீடியோ அவர்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது, பதினாலாவது கையாக. ஏட்டு உட்காரக்கூட இல்லை. "மெஷின்ல டைம் கரெக்டா?" என்றார். நான் முழித்தேன். அவர் தன் போனை நேரம் தெரிகிற மாதிரி மானிட்டர் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எஸ்ஐ அம்மாவை எடுக்கச் சொன்னார். என் கேமரா மெஷின் 47 நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது பிள்ளை என் கடைக்கு வந்ததே மணி ஆறுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது. குழுவில் எல்லோரும் ஏற்றிவிட்ட அந்த 5.25 பேருந்து அதற்குள் பாண்டி எல்லையையே தாண்டியிருக்கும். பிள்ளை பேருந்து நிலையத்துக்கே போகவில்லை. பக்கத்திலேயே இருக்கிற ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறது.

இங்கே கொஞ்சம் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்கிறேன். அந்த மெஷினுக்குள் பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால் கரண்ட் போய் வரும்போது கடிகாரம் குழம்பும். கேமரா மாட்டிய ஆளிடம் வருஷா வருஷம் பராமரிப்புக்குப் பணம் கட்டுகிறேன். நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று மூன்று மாதம் முன்பே சொன்னேன். "வரேண்ணே, வரேண்ணே." இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கிறார். கடைசியில் அந்த பேட்டரியை நானே வாங்கிப் போட்டேன், ஒரு டீ, வடை காசுதான். 

ஆனால் நேரம் தப்பு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வீடியோவைப் போடும்போது நினைவே வரவில்லை. இதை யார் தலையிலும் கட்ட முடியாது.

போலீஸ்காரர்கள் பென்டிரைவில் மூலப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். போனால் எடுத்த படம் அவர்களுக்குப் பிரயோஜனப்படாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன், இது என் மெஷினில் பதிவானதுதான் என்று. இப்போது புதுச் சாட்சியச் சட்டத்தில் அதற்கு 63ஆம் பிரிவு. கடை மெஷினில் பதினைந்து நாளுக்கு மேல் எதுவும் தங்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அதனால் உங்களிடம் வீடியோ இருந்தால் இன்றைக்கே போங்கள். உங்கள் மெஷினில் நேரம் எவ்வளவு தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளை மூன்றாம் நாள் கிடைத்தது. திருச்சி ரயில் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் விசாரித்து, குழந்தைகள் உதவி மையத்தில் ஒப்படைத்து, குழந்தைகள் நலக் குழு வழியாக வீட்டுக்கு வந்தது. ஏன் போனது என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கிட்னி இல்லை. ஆதார் காப்பி பள்ளியில் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கேட்டது. இரண்டு காப்பியும் பையிலேயே இருந்ததாம்.

பிள்ளை கிடைத்த செய்தியைப் போட்டவர்கள் குறைவு. அது பரவவே இல்லை. போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து வேறொரு மாவட்டப் பெயரோடு "அவசரம், காணவில்லை" என்று எனக்கே திரும்பி வந்தது. அப்பாவின் நம்பர் அதில் அப்படியே இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் யார் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பரையே மாற்றிவிட்டார். பையனா பெண்ணா என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். சட்டமும் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பாதிக்கப்பட்ட குழந்தையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டுகிற பெயர், பள்ளி, போட்டோ எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நீலச் சட்டைக்காரர் குழாய் வேலை செய்கிறவர். அவரிடம் இருப்பது பட்டன் போன். தன் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டது அவருக்கு ஒன்றரை நாள் தெரியவே தெரியாது. வேலைக்கு வரச் சொன்ன ஒரு வீட்டில் "இப்ப வேணாம், அப்புறம் சொல்றோம்" என்று கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மருமகன்தான் வீடியோவைக் காட்டியிருக்கிறார். நேரே என் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "தம்பி, நான் ஜிப்புதானே இழுத்துவிட்டேன்? நீ பாத்தல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நீ எழுதிப் போடலாமில்ல?"

போட்டேன். 'இவர் ஜிப்பை மூடினார், அவ்வளவுதான், நான் சாட்சி' என்று அதே குழுவில் போட்டேன். நாற்பது பேரில் இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அந்தச் செய்தி பண்ருட்டி வரைக்கும் போகவில்லை.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது? சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பம் வழி கேட்டது, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸப் வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். இந்தியா முழுக்க இப்படி நடந்தபிறகுதான் அந்த ஜூலையில் வந்த ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் செய்தது. எங்கள் பெரியவருக்கு அடி விழவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கடலூர்க்காரர்களின் நல்ல குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்போ ஊர் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கணுமா? போலீஸ் எல்லாம் சரியா செய்யுதா?" என்று யாராவது வருவீர்கள். நான் போலீஸுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பிள்ளை காணாமல் போன அன்று ராத்திரி அந்த வீட்டிலேயே புகார் கொடுக்கவில்லை. 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பிவிட்டார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. காணாமல் போனது குழந்தை என்றால் உடனே எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியிருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது. கடலூர்ப் பிள்ளையைப் பற்றிப் பாண்டி ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். 1098 என்று குழந்தைகள் உதவி எண் ராப்பகலாக இருக்கிறது. குழுக்களில் ஒரு இரவு முழுக்க முந்நூறு செய்தி ஓடியது. இப்போது சொன்ன விதி, எண் எதையும் யாரும் எழுதவில்லை, நானும்தான். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் போலீஸ் கொடுத்த அறிவிப்பை அப்படியே பகிருங்கள். பிள்ளை கிடைத்துவிட்டால் அதை அழித்துவிட்டு, நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர் இப்போதும் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார். உள்ளே வருவதில்லை. படிக்குக் கீழேயே நின்று தாளை நீட்டுவார். நான் எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். காசு வேண்டாம் என்றால் கோபம் வருகிறது அவருக்கு.

எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.