ஆச்சிக்கு அடுத்து ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

தொடக்கப் பள்ளிகள் கொரோனாவில் மூடிக் கிடந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இன்னொரு பெருந்தொற்று வந்தால் மருத்துவப் பணியாளர், முதியோர் இவர்களுக்கு அடுத்தபடியாக ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரடங்கில் எங்கள் தெருப் பெரிய வீடுகளில் ஆச்சிமார்கள் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். பால்காரர் வந்தார், சிலிண்டர் போடுகிறவர் வந்தார், மருந்துக்கடைப் பையன் வந்தான். தூய்மைப் பணியாளர் ஒருநாள் தவறவில்லை. வங்கியும் திறந்துதான் இருந்தது. ஆசிரியர்கள் வீட்டில் இருந்தார்கள், சம்பளம் முழுசாக வந்தது. வெளியே வந்து உழைத்தவனுக்கு முன்னால் வீட்டில் இருந்தவரை நிறுத்துவது என்ன நியாயம்? போகட்டும், ஊசி போட்டவர்களிடமிருந்தும் தொற்று பரவத்தானே செய்தது. வாத்தியாருக்குப் போட்டால் பிள்ளைக்கு என்ன லாபம்? ஆச்சிக்கு வர வேண்டிய ஊசியை எடுத்து அவருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஒரு வாசகர்,
தேவகோட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் ஊசியை எடுத்து யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. கொரோனாவில் வயது ஏற ஏற உயிர் ஆபத்து பல மடங்கு கூடியது. 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களில் தொடங்கி, பிப்ரவரி 2 முதல் காவல்துறை, வருவாய்த்துறை, உள்ளாட்சிப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்கள் என்று வந்த வரிசையில் எனக்குக் குறை இல்லை. நீங்கள் சொல்லும் தூய்மைப் பணியாளர் அந்தப் பிப்ரவரிப் பட்டியலிலேயே இருந்தார், அது சரியான முடிவு. என் பேச்சு இவர்களுக்கு அடுத்த இடத்தைப் பற்றியது.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 6 அன்று நமக்குச் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் பணிக்குப் போகிறவர்களை முன்களப் பணியாளர்களாகச் சேர்த்து ஊசி போட ஏற்பாடு செய்தார்கள். வாக்குச்சாவடியில் உட்காருகிறவர்களில் பெரும்பகுதி ஆசிரியர்கள்தான். தேர்தலுக்கு முந்தைய மாதம், மார்ச்சில், 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்குக் கொஞ்ச நாள் திறந்திருந்த பள்ளியை மறுபடி மூடினார்கள். தொடக்கப் பள்ளியோ 2020 மார்ச்சுக்குப் பிறகு திறக்கவே இல்லை. ஆக, வாக்குப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரும்போது ஆசிரியர் முன்களப் பணியாளர். கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டிய அதே ஆள், வயது வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று விடப்பட்டவர். செப்டம்பர் 5 ஆசிரியர் நாளுக்குள் எல்லா ஆசிரியர்களுக்கும் போட்டு முடியுங்கள் என்று ஒன்றிய சுகாதார அமைச்சர் மாண்டவியா மாநிலங்களைக் கேட்டுக்கொண்டு, கூடுதலாக 2 கோடி தவணைக்கு மேல் தருவதாகச் சொன்னது ஆகஸ்ட் கடைசியில். தேர்தலுக்குத் தோன்றியது பள்ளிக்குத் தோன்ற ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

உத்தரப் பிரதேசத்தில் அதே ஏப்ரலில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. பணிக்குப் போய் இறந்தவர்கள் என்று 1,600-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், பள்ளி ஊழியர்களின் பெயர்ப் பட்டியலை அங்குள்ள ஆசிரியர் சங்கம் கொடுத்தது. மூன்று பேர்தான் என்று அரசு முதலில் சொன்னது. எண்ணிக்கை பற்றிய சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அழைத்தால் வந்தே ஆக வேண்டிய வேலை அது. வர மாட்டேன் என்று சொல்ல முடியாதவரை அழைக்கிற அரசுக்கு, அவரைக் காப்பாற்றிவிட்டு அழைக்கிற கடமை உண்டு.

சம்பளத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் முழுச் சம்பளம் வந்தது, உண்மை. தனியார் பள்ளி ஆசிரியர்களை நீங்கள் மறந்துவிட்டீர்கள். பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை என்று ஆகி, ஜவுளிக்கடையில் நின்றவர்கள், வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இந்த வாதத்துக்குள்ளேயே நான் போக விரும்பவில்லை. தடுப்பூசி உழைப்புக்குக் கொடுக்கிற பரிசு என்று வைத்துக்கொண்டால்தான் யார் அதிகம் உழைத்தார் என்ற கேள்வி வரும். நான் பார்ப்பது எந்தக் கதவைத் திறக்க அந்த ஊசி வேண்டும் என்பதை. வங்கி திறந்திருந்தது, கண்ணாடித் தடுப்பு வைத்துச் சமாளித்தீர்கள். தொடக்கப் பள்ளி அப்படிச் சமாளிக்க முடியாத இடம்.

கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு 2021 நவம்பரில் போயிருந்தேன். நவம்பர் 1 அன்றுதான் 1 முதல் 8 வரையான வகுப்புகள் திறந்தன, பத்தொன்பது மாதத்துக்கும் மேல் கழித்து. முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அவன் முதல் வகுப்பு முடிகிற சமயத்தில் பள்ளியை மூடினார்கள், இரண்டாம் வகுப்பு என்ற ஒன்றையே அவன் பார்க்கவில்லை. 'பழம்' என்று எழுத வேண்டும். டீச்சர் அவன் பக்கத்தில் குத்தவைத்து, மணிக்கட்டைப் பிடித்து 'ழ' போட வைத்தார். எழுத்து வந்துவிட்டது, சொல்ல வரவில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து டீச்சர் சொல்லச் சொல்ல அவன் 'பளம்' என்றே சொன்னான். அப்புறம் அவனே, "வாயக் காட்டுங்க டீச்சர்" என்றான். அவர் முகக்கவசத்தை இறக்கி, நாக்கை மடித்துக் காட்டினார். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

இந்த வேலையை ஆறடி தள்ளி நின்று செய்ய முடியாது. கல்வித் தொலைக்காட்சி பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓரளவு உதவியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வெறும் படம். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கிற 'அசர்' ஆய்வில், தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விகிதம் 2018-இல் இருந்ததைவிட 2022-இல் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 2018-இலேயே அது பெருமைப்படும் நிலையில் இல்லை.

இதனால்தான் ஆசிரியர்களுக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும் என்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர் முதலில், மேல்நிலைப் பள்ளி பிறகு, கல்லூரி அதற்கும் பிறகு. நாம் செய்தது தலைகீழ். 10, 12-க்கு முதலில் திறந்தோம், ஏனென்றால் பொதுத்தேர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2020 கடைசியிலேயே ஆசிரியர்களை இரண்டாம் கட்டத்தில் சேர்த்தபோது, மழலையர், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னது. 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைவர் பல்ராம் பார்கவாவும் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது, ஆனால் ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் உட்பட எல்லாப் பணியாளர்களுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றார். அதன் பிறகும் நாம் செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரைதான் திறந்தோம்.

ஊசி போட்டாலும் பரவியது என்கிறீர்கள். டெல்டா அலையில் பரவியது, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் சேர்வதையும் சாவையும் ஊசி வெகுவாகக் குறைத்தது. ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு மாதம் படுத்துவிட்டால் பாதிப் பள்ளி நின்றுபோகும். சர்க்கரை நோய் உள்ள தலைமையாசிரியர் பயந்துகொண்டே வகுப்புக்குள் போனால் பிள்ளையைப் பக்கத்தில் விடமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்டீர்களே, மணிக்கட்டைப் பிடிக்க ஒரு கை கிடைப்பதுதான் லாபம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. உங்கள் தெருப் பெரிய வீடுகளில் ஆச்சி தனியாக இருந்தார் என்று எழுதினீர்கள். முழுக்கத் தனியாகவா? பல வீடுகளில் இரண்டாங்கட்டிலோ பின்கட்டிலோ வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் ஒன்று இருக்கும். அவர்கள் பிள்ளைதான் ஆச்சிக்குக் கடைக்குப் போய் வரும், சாயங்காலம் வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து ஆச்சியோடு டிவி பார்க்கும். அந்தப் பிள்ளை போவதுதான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அதனால் ஆச்சிக்குப் போடாமல் பள்ளியைத் திறந்தால் ஆபத்து வளவுக்கே வந்துவிடும். ஆச்சிக்கு முதலில் போடச் சொல்வது பள்ளிக்காகவும்தான். இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள் அண்ணே, ஒரே பிள்ளை இருவரிடமும் போய் வருகிறது.

சரி, எத்தனை ஊசி? 2020-21-இல் நாட்டில் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 97 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் 25 கோடிக்கும் மேல். 45 வயது கடந்த ஆசிரியர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் வயதுக் கணக்கிலேயே ஊசி உண்டு. மிச்சம் இருப்பது இளையவர்கள் மட்டும். அதிலும் தொடக்கப் பள்ளிக்காரர்கள் என்று எடுத்தால் இன்னும் குறையும். அந்த மார்ச் கடைசி வரை நாட்டில் போட்டதே சுமார் ஆறரைக் கோடி தவணைதான், தட்டுப்பாடு இருந்தது. ஆனால் ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 18 கோடி தவணைக்கு மேல் போட்டோம். நடுவில் ஜூன், ஜூலையில் இவர்களை முடித்திருக்கலாம். முடித்திருந்தால் ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பைத் திறந்திருக்கலாம்.

உங்கள் வாதத்தைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பிரிட்டனில் வல்லுநர் குழு தொழில்வாரியாகப் பிரிக்கவே மறுத்துவிட்டது. வயதைப் பார்த்துக் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் வேகமாக முடியும், தொழில் பட்டியல் எடுக்கப் போனால் தாமதமாகும் என்றது. அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக, மார்ச் கடைசிக்குள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் முதல் தவணை என்று பைடன் மார்ச் 2 அன்று அறிவித்தார். பிரிட்டன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் பள்ளிகள் 2021 மார்ச் 8 அன்றே திறந்துவிட்டன, ஊசிக்காகக் காத்திருக்கவில்லை. நாம் மூடியே வைத்திருந்தோம். பள்ளியை மூடி வைக்கிற நாட்டுக்குத்தான் இந்த முன்னுரிமை அவசரம்.

பட்டியல் நீளமானால் கெட்டுப்போகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களில் யாருக்கு முதலில் என்று நம் மாநில அரசு ஒரு பட்டியல் போட்டது. பால், பேப்பர் போடுகிறவர்கள், தெரு வியாபாரிகள், ஆட்டோ, பேருந்து ஓட்டுகிறவர்கள் என்று போகும். எல்லோரும் தகுதியானவர்கள்தான். ஆனால் வருகிற மருந்து கொஞ்சமாக இருக்கும்போது இவ்வளவு பேருக்கும் முன்னுரிமை என்றால் யாருக்கும் இல்லை என்றாகிவிடும். ஆகவே என் கோரிக்கை குறுகலானது: திறக்கும் தேதியை அறிவித்த பள்ளிக்கு, அந்தத் தேதிக்கு ஆறு வாரம் முன்னால். தேதி சொல்லாவிட்டால் முன்னுரிமையும் கிடையாது. அப்படி வைத்தால் நீங்கள் சொல்கிற 'வீட்டில் இருந்தவருக்கு ஊசி' என்ற மனக்குறைக்கே இடம் இருக்காது.

இதில் வேலை எங்கே இருக்கிறது தெரியுமா? ஆசிரியர்களின் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' தகவல் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது, ஒரே நாளில் எடுத்துவிடலாம். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவரும் வேறு துறை. பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சம்பளம் இன்னொரு வழியில் வருகிறது. வேன் ஓட்டுகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவசரத்தில் விட்டுப்போவது இவர்கள்தான், பிள்ளைக்குச் சோறு போடும் தூரமும் அந்த ஒரு சாண்தான்.

நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள், வங்கியில் கணக்கு எழுதிப் பழகியவர். உங்கள் பக்கத்துப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை போய், இந்த நான்கு வகை ஆட்களின் பெயரும் வயதும் கைபேசி எண்ணும் ஒரே நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

அன்புடன்.